கல் சொன்ன காலம் – 9: தேதிகளுக்குள் மறைந்திருந்த மன்னர்கள்

ஜான் லாயிட் ஸ்டீவன்ஸும் ஓவியர் ஃபிரெடரிக் கேதர்வுட்டும் 1839-ம் ஆண்டு இறுதியில் ஹோண்டுராஸ் காட்டுக்குள் கோப்பான் என்ற மாயா நகரத்தின் இடிபாடுகளைக் கண்டடைந்ததைச் சென்ற பகுதியில் பார்த்தோம். ஆளுயரத்தை மிஞ்சி நின்ற நெடுங்கற்கள். அவற்றின் முகப்பில் முழு அலங்காரத்துடன் மனித உருவங்கள். பக்கங்களில் வரிசை வரிசையாகச் சித்திர எழுத்துகள். அவற்றில் ஓர் எழுத்தைக்கூட வாசிக்கத் தெரியாத ஸ்டீவன்ஸ், 1841-ல் வெளியான தம் பயண நூலில் துணிந்து ஒரு கருத்தை எழுதினார். இந்த நகரத்தின் வரலாறு இந்தக் கற்களின் மேல்தான் செதுக்கப்பட்டிருக்கிறது என்று தாம் நம்புவதாகச் சொன்னார்.

அவர் நம்பியது சரி. ஆனால் அறிஞர் உலகம் அதை ஏற்க 119 ஆண்டுகள் பிடித்தன. இடைப்பட்ட காலத்தில் மாயா ஆய்வில் பெரும் பெயர் பெற்றவர்களே அந்தக் கருத்தை ஒதுக்கித் தள்ளினார்கள். அதை மீட்டெடுத்து, மறுக்க இடமில்லாதபடி நிறுவியவர் தத்தியானா புரோஸ்கூரியாகோவ். கட்டடக்கலை படித்துவிட்டு வேலை கிடைக்காமல், படம் வரைபவராகத் தொல்லியலுக்குள் வந்த பெண். மாயா எழுத்தின் ஓர் ஒலியைக்கூட அவர் உச்சரித்துக் காட்டவில்லை. தேதிகளை வரிசைப்படுத்தி, அவற்றுக்கு இடையே இருந்த இடைவெளிகளை எண்ணியே மன்னர்களைக் கண்டுபிடித்தார். அந்தக் கதைதான் இந்தப் பகுதி.

தேதி மட்டும் தெரிந்த காலம்

முதலில், ஸ்டீவன்ஸின் கருத்து ஏன் கைவிடப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாயாக்களின் ஏடுகளில் பெரும்பாலானவை நமக்குக் கிடைக்கவில்லை. 1562-ல் யுகாத்தான் பகுதியின் மனி என்ற ஊரில் ஸ்பானியத் துறவி டியகோ டி லாண்டா அவற்றைக் குவித்து எரித்தார். இன்று உலகில் எஞ்சியிருப்பவை நான்கே ஏடுகள். அவற்றுள் ஒன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர நூலகத்தில் இருந்தது. அங்கே நூலகராக இருந்த எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டமான், 19-ம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில் அந்த ஏட்டோடு பல ஆண்டுகள் போராடி, மாயா நாள்காட்டியின் கணக்கை வெளிக்கொண்டுவந்தார். அவருக்கு உதவியது, ஏடுகளை எரித்த அதே லாண்டா எழுதிவைத்திருந்த குறிப்பு. அதில் நாள்களுக்கும் மாதங்களுக்கும் உரிய குறிகளை லாண்டா வரைந்து வைத்திருந்தார்.

கணக்கு இதுதான். ஒரு புள்ளி 1. ஒரு கோடு 5. சிப்பி போன்ற குறி சுழி. எண்ணிக்கை இருபது இருபதாக ஏறும். ஒரு நாள் ‘கின்’. 20 கின் ஒரு ‘வினால்’. 18 வினால் சேர்ந்து 360 நாள் கொண்ட ஒரு ‘துன்’. 20 துன் ஒரு ‘கத்துன்’, அதாவது 7,200 நாள். 20 கத்துன் ஒரு ‘பக்துன்’, அதாவது 1,44,000 நாள். கி.மு. 3114-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வரும் ஒரு தொடக்க நாளிலிருந்து எத்தனை நாள் கடந்தன என்பதை இந்த ஐந்து இடங்களில் எழுதிவிடுவார்கள். ஆய்வாளர்கள் இதை நெடுங்கணக்கு என்கிறார்கள். இந்தக் கணக்கும் நம் ஆண்டுக் கணக்கும் எங்கே இணைகின்றன என்பதும் 20-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் தெளிவாயிற்று. அதன்பின் ஒரு கல்லில் நெடுங்கணக்கு இருந்தால் அது எந்த ஆண்டு, எந்த நாள் என்று சொல்லிவிட முடிந்தது.

உலகத் தொல்லியலில் அரிதாகக் கிடைக்கும் வசதி இது. ஆனால் அதுவே ஒரு தவறான முடிவுக்கும் வழி திறந்தது. கல்லில் வாசிக்க முடிந்தது தேதி ஒன்றுதான். கார்னெகி நிறுவனத்தின் சார்பில் சில்வேனஸ் மோர்லி பல ஆண்டுகள் காடுகளுக்குள் அலைந்து, நூற்றுக்கணக்கான கற்களின் தேதிகளைத் திரட்டி, பெருநூல்களாக வெளியிட்டார். அந்த உழைப்பு மகத்தானது. இருந்தாலும் தேதி அல்லாத எழுத்துகளை அவர் பெரும்பாலும் வரையாமலே விட்டுவிட்டார். வாசிக்க முடியாதவை வெளியிடப்படவில்லை. வெளியிடப்படாதவற்றைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நாளடைவில், கற்களில் இருப்பது காலக்கணக்கும் வானியலும் சடங்கும்தான் என்பது அறிஞர்களின் பொதுக்கருத்தாக உறைந்துபோனது.

இந்தக் கருத்துக்கு மிகப் பெரிய காவலராக நின்றவர் எரிக் தாம்சன். மாயா எழுத்தைப் பற்றி அவர் 1950-ல் வெளியிட்ட நூல் அந்தத் துறைக்கே அடிப்படை நூலாக இருந்தது. காலத்தை வழிபட்ட, போரை விரும்பாத பூசாரிகளின் உலகமாக அவர் மாயா நாகரிகத்தைக் கண்டார். கல்லில் நிற்பவர்கள் தெய்வங்கள், அல்லது பெயரற்ற பூசாரிகள். கல்லில் தனிமனிதர் பெயரைச் செதுக்குவது அந்தப் பண்பாட்டுக்கே பொருந்தாது என்பது அவர் தீர்ப்பு. பல நூற்றாண்டுகள் ஆண்ட ஒரு மக்களிடம் ஓர் அரசன் பெயர்கூட இல்லை என்ற நிலை இப்படித்தான் வந்தது.

சைபீரியாவிலிருந்து உசுமசிந்தா கரைக்கு

தத்தியானா 1909 ஜனவரியில் ரஷ்யாவின் சைபீரியப் பகுதியில் உள்ள தோம்ஸ்க் நகரில் பிறந்தார். தந்தை வேதியியலாளர், தாய் மருத்துவர். முதல் உலகப் போரின்போது, ரஷ்யா அமெரிக்காவில் வாங்கிய போர்த் தளவாடங்களைச் சோதிக்கும் பணிக்காகத் தந்தை அனுப்பப்பட்டார். குடும்பம் பிலடெல்பியா அருகே தங்கியது. 1917-ல் புரட்சி வந்தது. அவர்கள் அங்கேயே நிலைத்துவிட்டார்கள்.

1930-ல் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியில் அவர் கட்டடக்கலைப் பட்டம் பெற்றார். அது பெருமந்தத்தின் தொடக்கம். நாட்டில் புதுக் கட்டடங்கள் எழவில்லை. கட்டடக்கலைஞருக்கு வேலையும் இல்லை. பூவேலைப்பாட்டுக்கான வடிவங்களை வரைந்து கொடுத்து வந்த அவர், அதற்காகப் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குப் போய் அங்குள்ள பொருள்களைப் பார்த்து வரைவார். அந்தக் கோடுகளின் துல்லியத்தை அங்கிருந்த தொல்லியலாளர் லிண்டன் சாட்டர்த்வெய்ட் கவனித்தார். குவாத்தமாலா காட்டில் தாம் நடத்தி வந்த அகழாய்வுக்கு, இடிந்த கட்டடங்களை அளந்து வரைய ஓர் ஆள் தேவைப்பட்டது. பயணச் செலவு மட்டும் தருவோம், சம்பளம் இல்லை என்ற நிபந்தனையோடு அழைத்தார். 1936-ல் தத்தியானா புறப்பட்டார்.

அவர் போய்ச் சேர்ந்த இடம் பியத்ராஸ் நெக்ராஸ்.

குவாத்தமாலாவின் பெத்தேன் மாவட்டத்தின் மேற்கு எல்லையில், மெக்சிகோவைப் பிரித்துக்கொண்டு ஓடும் உசுமசிந்தா ஆற்றின் கரைமேட்டில் அந்த நகரம் இருக்கிறது. ஆற்றை நோக்கிய குன்றின் சரிவில் படிப்படியாக முற்றங்கள், அவற்றைச் சுற்றி அரண்மனை அறைகள், பக்கத்தில் கோயில் மேடைகள். சுண்ணாம்புக் கல்லில் கட்டி, சுதை பூசி, வண்ணம் தீட்டிய நகரம். பத்து நூற்றாண்டுகளுக்கு மேல் மரங்கள் வேர்விட்டுக் கூரைகளைச் சரித்துவிட்டன. 1890-களில் ஜெர்மானியரான தியோபர்ட் மாலர் கனமான கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து வந்து இங்குள்ள கற்களைப் படமெடுத்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகம் 1901-ல் அந்தப் படங்களை நூலாக வெளியிட்டது. 1931 முதல் 1939 வரை பென்சில்வேனியா அருங்காட்சியகம் அங்கே அகழாய்வு செய்தது.

அந்த அகழாய்வில் தத்தியானா பார்த்தவை சரிந்த சுவர்களும் உதிர்ந்த கற்களும்தான். அளவு நாடாவோடு அவர் ஒவ்வொரு படியையும் ஒவ்வொரு சுவரடியையும் அளந்தார். எஞ்சிய அடித்தளத்திலிருந்து சுவரின் உயரத்தையும், சுவரின் கனத்திலிருந்து கூரையின் வடிவத்தையும் கணித்து, அந்த அரண்மனைக் குன்று முழுமையாக நின்ற காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று தாளில் எழுப்பிக் காட்டினார். அந்தப் படங்களைப் பார்த்த மோர்லி அசந்துபோனார். கார்னெகி நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. 1939-ல் கோப்பான், பிறகு யுகாத்தானின் நகரங்கள் என ஒவ்வொன்றையும் அவர் அளந்து வரைந்தார். 1946-ல் வெளிவந்த ‘மாயா கட்டடக்கலைத் தொகுப்பு’ நூலில் உள்ள அந்த வரைபடங்கள் இன்றும் பாடநூல்களிலும் அருங்காட்சியகச் சுவர்களிலும் நிற்கின்றன.

அடுத்த வேலை சிற்பங்கள். தேதி சிதைந்துபோன கற்களுக்கு எப்படிக் காலம் சொல்வது? தேதி தெரிந்த கற்களை முதலில் வரிசைப்படுத்தினார். தலையணி, காதணி, காலணி, இடுப்புப் பட்டை, கையிலிருக்கும் கோல், உருவம் நிற்கும் நிலை என்று ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே எடுத்து, அது எந்தக் காலத்தில் தோன்றி, எப்போது பரவி, எப்போது வழக்கொழிந்தது என்று வரைபடமாக்கினார். தேதியில்லாத கல்லின் உறுப்புகளை அந்த வரைபடத்தோடு ஒப்பிட்டால் அதன் காலம் தெரிந்துவிடும். இந்த ஆய்வு 1950-ல் நூலாயிற்று. இதற்காக மாயா உலகின் செதுக்குக் கற்கள் அனைத்தையும் அவர் பலமுறை உற்றுப் பார்த்திருந்தார். பின்னால் வரப்போகும் பெரிய கண்டுபிடிப்புக்கான பயிற்சி அதுவாகவே அமைந்தது.

ஏழு குழுக்கள்

பியத்ராஸ் நெக்ராஸுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. 1,800 நாளுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒரு முறை, அங்கே ஒரு நெடுங்கல்லை நட்டு வந்தார்கள். வேறெந்த மாயா நகரத்திலும் இந்த வழக்கம் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. இன்னொன்று, கற்கள் நகரம் முழுவதும் சிதறி நடப்படவில்லை. ஒரு கட்டடத்தின் முன் ஒரு வரிசை, சில பத்தாண்டுகள் கழித்து இன்னொரு கட்டடத்தின் முன் அடுத்த வரிசை என்று குழுக் குழுவாக நின்றன.

தத்தியானா அந்தக் குழுக்களைப் பார்த்தார். ஏழு குழுக்கள். பல குழுக்களில் முதலில் நடப்பட்ட கல் ஒரே மாதிரியான காட்சியைக் கொண்டிருந்தது. மேலே ஒரு மாடம். அதற்குள் ஒருவர் அமர்ந்திருக்கிறார். மாடத்துக்கு ஏணி சார்த்தியிருக்கிறது. ஏணியின் மேல் விரித்த துணியில் ஏறிப்போன காலடித் தடங்கள். சில கற்களில் ஏணியின் அடியில் பலியிடப்பட்ட மனிதர் கிடக்கிறார். அதுவரை இதைப் பலிச் சடங்கின் காட்சியாகவும் தெய்வ உருவமாகவும் விளக்கி வந்தார்கள்.

பிறகு தேதிகளைப் பார்த்தார். மாடக் காட்சி உள்ள கல்லில், அந்தக் கல் நடப்பட்ட நாளுக்குச் சற்று முந்திய ஒரு தேதி இருக்கும். அதோடு எப்போதும் ஒரே குறி வரும். பல்வலிக்காரர் தாடையைச் சுற்றித் துணி கட்டியிருப்பது போன்ற தோற்றத்தால் ஆய்வாளர்கள் அதைப் பல்வலிக் குறி என்றே அழைத்தார்கள். அதே குழுவின் கற்களில் இன்னொரு தேதியும் வரும். அது பல்வலித் தேதிக்குப் பத்து முதல் முப்பது ஆண்டுகள் முந்தியது. அதனோடு வரும் குறி, வாய் மேல்நோக்கிய தவளையின் தலை.

இந்த இரண்டு தேதிகளும் அந்தந்தக் குழுவுக்கு மட்டுமே உரியவை. அடுத்த குழுவில் வேறு தவளைத் தேதி, வேறு பல்வலித் தேதி. முந்தைய குழுவின் தேதிகளை அடுத்த குழு கொண்டாடுவதில்லை. அதைவிட முக்கியமான ஒன்றையும் அவர் கவனித்தார். தவளைத் தேதி காலத்தால் முந்தியதாக இருந்தும், அந்த நாள் நடந்த காலத்தில் யாரும் அதைக் கல்லில் பொறிக்கவில்லை. பல்வலித் தேதிக்குப் பின்தான், பல ஆண்டுகள் கழித்து, அது கல்லில் தோன்றுகிறது. அதாவது, நடந்தபோது ஊருக்கு அது பெரிய செய்தி இல்லை. பிறகு நடந்த இன்னொன்றால் அது கொண்டாடத்தக்க நாளாகிவிட்டது.

எந்த நாள் அப்படிப்பட்டது? ஒருவர் பிறந்த நாள். அவர் அரியணை ஏறிய பிறகுதான் ஊர் அவர் பிறந்த நாளைக் கொண்டாடும்.

அப்படியானால் தவளைக் குறி பிறப்பு. பல்வலிக் குறி பட்டம் ஏற்றல். மாடத்தில் அமர்ந்திருப்பவர் புதிதாக அரியணை ஏறிய மன்னர். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி இருந்தது. ஒரு குழுவின் முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை உள்ள காலம் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்க வேண்டும். தத்தியானா எண்ணிப் பார்த்தார். எந்தக் குழுவும் மனித ஆயுளைத் தாண்டவில்லை.

இன்றைய வாசிப்பின்படி சில எண்களைப் பார்த்தால் இதன் உறுதி விளங்கும். ஆய்வாளர்கள் இரண்டாம் மன்னர் என்று எண்ணிடும் அரசர் கி.பி. 626-ல் பிறந்து, 639-ல் தமது 12-வது வயதில் பட்டமேறி, 686-ல் இறந்தார். மூன்றாமவர் 664-ன் கடைசி நாள்களில் பிறந்து, 687 ஜனவரியில் 22 வயதில் பட்டமேறி, 729-ல் இறந்தார். நான்காமவர் 701-ல் பிறந்து, 729-ல் 27 வயதில் பட்டமேறி, 757-ல் இறந்தார். ஒருவர் மறைந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ அடுத்தவர் பட்டமேறுகிறார். பட்டமேறியபின் வரும் அடுத்த ஐந்தாண்டு முடிவில் மாடக் காட்சியுள்ள கல் எழுகிறது. நான்காமவர் பட்டமேறியது 729 நவம்பர். அவருடைய மாடக் கல் 731-க்கு உரியது. தெய்வங்களுக்கு இப்படி ஆயுள் கணக்கு வராது. வானியல் சுழற்சிக்கு இப்படி வெவ்வேறு நீளமான இடைவெளிகள் வராது. மனித வாழ்க்கைக்கு மட்டுமே வரும்.

நீள அங்கி அணிந்தவர்கள் யார்?

கற்களில் சில உருவங்கள் தரையைத் தொடும் நீள அங்கி அணிந்திருக்கும். அவர்களைப் பூசாரிகள் என்றே எல்லோரும் எழுதி வந்தார்கள். பியத்ராஸ் நெக்ராஸின் மூன்றாம் எண் நெடுங்கல்லில் இப்படி இருவர். பெரியவர் அரியணையில் அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் சிறிய உருவம் ஒன்று.

தத்தியானா அந்தக் கல்லின் தேதிகளைப் படித்தார். முதல் தேதி 674-ம் ஆண்டில். அதோடு தவளைக் குறி. அடுத்தது 686-ல் ஒரு நிகழ்ச்சி. பிறகு 708-ல் மீண்டும் ஒரு தவளைக் குறி. கல் நடப்பட்டது 711-ல். தவளைக் குறிகளோடு வரும் பெயர்களின் முன்னால் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம் இருந்தது. அங்கி அணிந்த உருவங்கள் வரும் மற்றக் கற்களிலும் அதே முகக்குறி இருந்தது. அப்படியென்றால் இவர்கள் பெண்கள். அரியணையில் இருப்பவர் 674-ல் பிறந்த அரசி. பக்கத்தில் இருப்பது 708-ல் பிறந்த, கல் நடப்பட்டபோது மூன்று வயதான அவருடைய மகள்.

எழுத்தை ஒலியோடு வாசிக்க முடிந்த இந்தக் காலத்தில் அவர்கள் பெயர்களும் தெரிந்துவிட்டன. அரசி, கத்துன் அஹாவ் அம்மையார். 686-ல் நடந்தது, மூன்றாம் மன்னராகப் போகிறவரோடு அவருக்கு நடந்த திருமணம். அப்போது அவருக்கு 12 வயது. மகள், ஹுந்தான் ஆஹ்க் அம்மையார். கல்லிலேயே பிறந்த நாளோடு நின்றிருந்த ஒரு தாயையும் மகளையும் பூசாரிகள் என்று அறிஞர் உலகம் அவ்வளவு காலம் எழுதி வந்திருக்கிறது. மாயா நாகரிகத்தில் அரசகுலப் பெண்களுக்கு இருந்த இடத்தைப் பற்றிய ஆய்வு இந்தக் கண்டுபிடிப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

1960-ல் ‘அமெரிக்கன் ஆன்டிக்விட்டி’ என்ற ஆய்விதழில் தத்தியானாவின் கட்டுரை வெளிவந்தது. பியத்ராஸ் நெக்ராஸின் தேதிகளில் காணப்படும் ஒழுங்கமைவு வரலாற்றுக்குச் சொல்வது என்ன என்பதுதான் அதன் பொருள். நடை அடக்கமானது, முடிவுகள் ஒவ்வொன்றும் அட்டவணையால் தாங்கப்பட்டவை. தாம்சன் முதலில் உடன்படவில்லை. ஆனால் சான்றுகளை முழுமையாகப் படித்தபின் அவர் தம் நிலையை மாற்றிக்கொண்டார். வாழ்நாள் முழுதும் வாதிட்ட கருத்தைச் சான்றின் முன் கைவிட்டது அவருக்கும் பெருமைதான்.

எழுத்தின் பூட்டு திறந்த பத்தாண்டு

தத்தியானா தனியாக இதைச் சாதிக்கவில்லை. அதே காலத்தில் வேறு இருவரும் வெவ்வேறு வாசல்களைத் திறந்துகொண்டிருந்தார்கள். மெக்சிகோவில் வாழ்ந்த ஹைன்ரிக் பெர்லின், 1958-ல், ஒவ்வொரு நகரத்துக்கும் தனித்தனியே ஒரு சின்னக் குறி இருப்பதைக் காட்டினார். எந்தக் கல் எந்த அரசைப் பேசுகிறது என்பது அதனால் தெரிந்தது. சோவியத் ஒன்றியத்தில் யூரி க்னோரொசோவ், 1952 முதலே, மாயாக் குறிகளில் பல அசை ஒலிகளைக் குறிப்பவை என்று வாதிட்டு வந்தார். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க, ஐரோப்பிய அறிஞர்கள் அவரை நெடுங்காலம் ஏற்கவில்லை. பின்னால் அவர் வழியே சரி என்றாயிற்று. தமிழ் வாசகர்களுக்கு இவரைப் பற்றி ஒரு செய்தி: 1960-களில் சிந்துவெளி எழுத்தைக் கணினி கொண்டு ஆராய்ந்து, அதன் மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்த சோவியத் குழுவை வழிநடத்தியவரும் இந்த க்னோரொசோவ்தான்.

1963-லும் 1964-லும் தத்தியானா அதே முறையைப் பியத்ராஸ் நெக்ராஸுக்கு ஆற்றின் மேற்போக்கில் இருந்த யாஷ்சிலான் நகரத்துக்குப் பயன்படுத்தினார். அங்கே கதவுகளின் மேல் வைக்கப்பட்ட செதுக்குக் கற்கள் ஏராளம். அவற்றிலிருந்து இரண்டு பெரும் மன்னர்கள் எழுந்து வந்தார்கள். ஒலி தெரியாததால், பெயர்க்குறியின் தோற்றத்தைக் கொண்டே அவர்களைக் கேடயச் சிறுத்தை என்றும் பறவைச் சிறுத்தை என்றும் அவர் அழைத்தார். 681-ல் பட்டமேறிய கேடயச் சிறுத்தை 742-ல் இறந்தார். அவர் மகன் பறவைச் சிறுத்தை பட்டமேறியது 752-ல். இடையில் பத்து ஆண்டு வெற்றிடம். அரியணைக்கான போட்டியின் நிழல் அங்கே படிந்திருக்கிறது. எதிரிகளைச் சிறைப்பிடிப்பதைக் குறிக்கும் குறியையும் அவர் இனங்கண்டார். ஒரு கல்லில் சிறைப்பட்டவர்களின் பெயர்கள் அவர்களுடைய தொடையிலேயே செதுக்கப்பட்டிருந்தன.

போரை அறியாத பூசாரிகளின் உலகம் என்ற பழைய சித்திரம் அதோடு முடிந்தது. அதன் இடத்தில், திருமணத்தால் உறவு கட்டி, போரால் உறவு முறித்து, தங்கள் பிறப்பையும் வெற்றியையும் கல்லில் பதித்துவிட்டுப் போன அரசகுலங்கள் வந்தன. பியத்ராஸ் நெக்ராஸின் முடிவும் பின்னால் படிக்கப்பட்டது. 808-ல் அதன் மன்னரை யாஷ்சிலான் சிறைப்பிடித்ததாக யாஷ்சிலானின் கல் ஒன்று சொல்கிறது. அரண்மனைக் குன்றில் இருந்த அழகிய அரியணை உடைந்த துண்டுகளாகவே அகழாய்வில் கிடைத்தது. 810-க்குப் பிறகு அந்த நகரத்தில் தேதி பொறித்த கல் இல்லை.

இடத்தில் நின்றதால் பேசிய கற்கள்

இந்தக் கண்டுபிடிப்பின் அடித்தளம் எது என்பதை நாம் மறக்கக்கூடாது. தத்தியானாவுக்குத் துப்புக் கொடுத்தது தனியொரு கல் இல்லை. எந்தக் கல் எந்தக் கட்டடத்தின் முன் நின்றது, அதன் பக்கத்தில் எது நின்றது என்ற பதிவுதான் அவரை மன்னர்களிடம் கொண்டு சேர்த்தது. மாலரின் புகைப்படங்களும் பென்சில்வேனியா குழுவின் அளவுப் படங்களும் அந்தப் பதிவைக் காத்து வைத்திருந்தன. குழு கலைந்திருந்தால் தேதிகளின் ஒழுங்கும் கலைந்திருக்கும். மன்னர்கள் தேதிகளுக்குள்ளேயே புதைந்து கிடந்திருப்பார்கள்.

அந்தக் கலைப்புதான் 1960-களில் நடந்தது. கட்டுரை வெளிவந்த அதே பத்தாண்டில் கொள்ளையர்கள் ஆற்று வழியாக வந்து, பியத்ராஸ் நெக்ராஸின் கற்களை உளியாலும் ரம்பத்தாலும் அறுத்து, சிற்பமுள்ள மேற்பரப்பை மட்டும் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். கல் முழுதாகச் சுமக்க முடியாத கனம்; அதனால் துண்டு துண்டாக்கினார்கள். உடைந்த எழுத்துகள் காட்டிலேயே கிடந்தன. வெளிநாட்டுச் சந்தைகளில் அந்தத் துண்டுகள் விலைபோயின. இப்படிப்பட்ட கொள்ளை பல மாயா நகரங்களில் நடந்தது. அதன் விளைவாகத்தான் 1968-ல் பீபாடி அருங்காட்சியகத்தில், எஞ்சிய ஒவ்வொரு மாயாக் கல்வெட்டையும் படமெடுத்தும் வரைந்தும் வெளியிடும் பெருந்திட்டம் தொடங்கியது. இயன் கிரஹாம் என்ற ஆய்வாளர் அதற்காகப் பல பத்தாண்டுகளைக் காடுகளில் கழித்தார். 1972-ல், அனுமதி இல்லாமல் கொண்டுவரப்படும் இத்தகைய சிற்பங்களின் இறக்குமதிக்கு அமெரிக்கா சட்டத்தால் தடை விதித்தது.

1962-ல் அமெரிக்கத் தொல்லியல் உலகின் உயர்ந்த விருதுகளில் ஒன்றான கிட்டர் பதக்கம் தத்தியானாவுக்கு வழங்கப்பட்டது. அந்தப் பதக்கத்தின் வடிவத்தை முன்னரே வரைந்து கொடுத்தவர் அவர்தான். 1984-ல் குவாத்தமாலா அரசு தன் உயரிய கெட்சால் விருதை அளித்தது. 1985 ஆகஸ்டில் அவர் மறைந்தார். குவாத்தமாலாவின் உள்நாட்டுப் போரால் பியத்ராஸ் நெக்ராஸ் பகுதிக்கு ஆய்வாளர்கள் போக முடியாத காலம் அது. 1996-ல் அமைதி ஒப்பந்தம் வந்தது. அடுத்த ஆண்டு அகழாய்வு மீண்டும் தொடங்கியது. 1998-ல் அவருடைய அஸ்தியை அங்கே கொண்டுசென்று, அவர் இளம் வயதில் அளந்து வரைந்த அந்த அரண்மனைக் குன்றிலேயே அடக்கம் செய்தார்கள்.

இன்றும் மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் பெலீசிலும் ஏறக்குறைய 30 மாயா மொழிகளைப் பல லட்சம் மக்கள் பேசுகிறார்கள். தங்கள் முன்னோர் பெயரற்றவர்கள் என்று வெளியுலகம் எழுதி வைத்திருந்ததைத் திருத்தி, அந்த மக்களுக்குப் பெயரும் பிறந்த நாளும் உள்ள முன்னோரை மீட்டுக் கொடுத்தது 1960-ன் அந்தக் கட்டுரை. கல்வெட்டு எந்த நாட்டில் இருந்தாலும் அது நின்ற இடத்திலேயே நிற்கட்டும். அதை நகர்த்தித்தான் ஆகவேண்டும் என்றால், நகர்த்துவதற்கு முன் அளந்து, படமெடுத்து, அக்கம்பக்கத்தில் என்ன இருந்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பதிவு இருந்தால், இன்று நமக்கு விளங்காத கல்லை நாளை வருபவர் படித்துவிடுவார்.

அடுத்த பகுதியில் பலெங்கே நகரத்துக்குப் போவோம். 1973-ல் அங்கே கூடிய ஒரு சிறு குழு, ஒரே கருத்தரங்கில் ஓர் அரசகுலத்தின் வரிசையை எப்படி மீட்டெடுத்தது என்பதைப் பார்க்கலாம்.